மறுகால்

முருகன்குறிச்சியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
பத்துக்கு எட்டில் ஓர் அறை.
சட்டக் கல்லூரிப் பையன்கள் காலி செய்து போன
சாக்ஸ் வாடை இன்னும் இருக்கிறது.
ஒரு சர்வர், ஒரு யுபிஎஸ், ஒரு மேசை விசிறி.
விசிறி எனக்கில்லை.

வக்கீல் இராமநம்பி முதல் நாளே சொல்லிவிட்டார்:
கட்சிக்காரன் காகிதம் இந்தப் படி இறங்கக் கூடாது.
சரி என்றேன்.
மறுவாரம் சொன்னார்:
கரண்டு போனாலும் வெள்ளம் வந்தாலும்
எதுவும் அழியக் கூடாது.
அதற்கும் சரி என்றேன்.
இரண்டு சரிக்கும் நடுவில்
ஆறு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன்.

காகிதம் இங்கே. வாசிக்கிற மாடலும் இங்கே.
ஒவ்வொரு பக்கமும் எழுநூற்று அறுபத்தெட்டு எண்களாகி
எண்கள் மட்டும் மும்பைக்குப் போகும்.
அங்கே யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்.
முகம் தெரியாது, மாதம் பிறந்தால் பில் தெரியும்.
எண்ணை வச்சு அவன் என்னம்மா செய்வான், என்றார்.
ஒன்றும் செய்ய முடியாது சார்.
அது எவ்வளவு உண்மை என்று
அன்று ராத்திரி கொஞ்ச நேரம் தூக்கம் வரவில்லை.

கன்டெய்னர் என்றதும் குமாஸ்தா பீர்முகமது
தூத்துக்குடி ரோட்டுல போகுமே, அதா, என்றார்.
அதேதான் அண்ணாச்சி, இரும்பு மட்டும் கிடையாது.
உள்ளே இருப்பது வெளியே ஒட்டாது,
எந்தக் கப்பலிலும் ஏற்றலாம்.
அப்பம் எதுக்கு தினசரி விழுது?

விழுந்தது.
நூற்று முப்பத்தேழு என்று எழுதிவைத்துவிட்டு விழுந்தது.
நினைவு போதாமல் சாகிறவற்றுக்கு அதுதான் எண்.
எட்டு ஜிபி கேட்டதற்கு ஆறு கொடுத்திருந்தேன்.

ஒருவழியாக ஓடியது. நாற்பதாயிரம் பக்கம்.
முதல் கேள்வியை வக்கீலே ஒற்றை விரலால் தட்டினார்:
இலந்தையடிக்குளம் மறுகால்.

வந்தவை பத்தும்
வாகன விபத்து நஷ்டஈட்டு மனுக்கள்.
ஒரு கால் ஒடிந்தவர்கள், மறு கால் ஒடிந்தவர்கள்,
முழங்காலில் கம்பி வைத்தவர்கள்.
பீர்முகமது சிரித்தார்.
வக்கீல் சிரிக்கவில்லை.

மாடல் சொல்லை நடுவில் அறுத்திருக்கிறது.
குளம் நிறைந்து மிச்சம் வழிகிற இடம்
அதற்கு இன்னொரு கால்.
அதையும் குறை சொல்ல முடியாது,
இந்தப் பக்கம் தண்ணீருக்குத் தலை உண்டு, கடை உண்டு,
வாயும் காலும் ஒரே சொல்லில் ஓடும்.
மறுகால், தலைமடை, கடைமடை, பிசானம் என்று
விடிய விடிய ஒரு பட்டியல் கட்டினேன்.
எண்களோடு சொல் தேடலையும் சேர்த்தேன்.
காலையில் தட்டினால்
குளத்து வழக்குகள் வரிசையாக வந்தன.

பழையதை அழிக்கும் முன்
சும்மா ஏழாவது மனுவைத் திறந்தேன்.
எண்பத்தேழு. பால்காரர் கொம்பையா, சைக்கிள், பஸ்.
இடம்: இலந்தையடிக்குளம் மறு காலுக்கு
வடக்கே பதினெட்டு அடி.
டைப் அடித்தவர் நடுவில் ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்.
தொண்ணூற்றைந்துக்கு முன்னால்
அங்கே மறுகாலே கிடையாது என்பதுதான்
எதிர்த்தரப்பின் மொத்த வாதமும்.

திருத்திய தேடலில் கொம்பையா முப்பத்தோராவது இடம்.
அவ்வளவு தூரம் யாரும் இறங்குவதில்லை.

செவ்வாய்க்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு, மின்தடை.
யுபிஎஸ் கீச்சிட்டுக் கீச்சிட்டு அடங்குமுன்
ஒவ்வொன்றாக இறக்கினேன்.
இரண்டு மணிக்குக் கரண்டு வந்ததும்
புதியதை ஏற்றினேன்.
பக்கத்திலேயே அந்தத் தப்பானதையும்.
அதன் எண்கள் மும்பையில் தனியாகக் கிடக்கின்றன.

மாசம் நானூத்திப் பத்து ரூபா கூடியிருக்கே,
இது எதுக்கு, என்றார் வக்கீல், பில்லைத் தூக்கிப் பிடித்து.

மறுகாலுக்கு, என்றேன்.